ஆறாம் இலக்க டிஸ்க்

எங்கள் கந்தோருக்குக் கணினி வந்தது தொண்ணூறாம் ஆண்டின் முதல் மாதங்களில். அப்போது யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இருந்தது. கொழும்புக்குப் பாதையும் இருந்தது. கணினியை வான் வண்டியில் கொண்டுவந்து இறக்கிய கொழும்பு ஆள் ஒரு பகல் முழுவதும் அதன் முன்னால் இருந்து, டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகப் போட்டு எடுத்து, யுனிக்ஸ் வகை இயங்குதளம் ஒன்றை நிறுவினார். பின்னேரம் எழும்பி, முக்கியமானதெல்லாம் போட்டாயிற்று என்றார். மேசையில் இன்னும் ஓர் அட்டைப்பெட்டி பிரிக்கப்படாமல் இருந்தது. அதற்குள் ஒன்பது டிஸ்க்குகள். அதைப் பற்றிக் கேட்டேன். அவை மேலதிகக் கட்டளைகள், கட்டாயமில்லை, இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் கணினி ஓடும், அடுத்த முறை வரும்போது போட்டுத் தருகிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அடுத்த முறை என்று ஒன்று வரவில்லை. ஆனியில் சண்டை தொடங்கியது. மின்சாரம் நின்றது. பாதை மூடப்பட்டது.

என்னை அந்த வேலைக்கு எடுத்ததற்குக் காரணம், அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்துப் பயப்படாத மிகச் சிலரில் நானும் ஒருத்தி என்பதுதான். எண்பத்து மூன்று வரை கொழும்பில் ஒரு கம்பனியின் கணினிப் பிரிவில் வேலை செய்தேன். அந்த வருடம் யூலைக் கலவரத்தில் நான் குடியிருந்த வீடு எரிந்தது. பக்கத்து வீட்டின் குளியலறையில் இரண்டு நாள், ஒரு பாடசாலை மண்டபத்தில் ஒன்பது நாள், பிறகு கப்பலில் காங்கேசன்துறை. அதைப் பற்றி நான் எவருக்கும் இதைவிட அதிகம் சொன்னதில்லை. உடுவிலில் அப்பாவின் வீட்டுக்கு வந்து, ஏழு வருடம் ஒரு டியூட்டரியில் தட்டெழுத்துப் படிப்பித்தேன். விரல்கள் தம்பாட்டில் ஓடும் வேலை. அது எனக்குப் போதுமாக இருந்தது.

கந்தோர் ஒரு நிவாரண நிறுவனத்தின் அலுவலகம். யாழ்ப்பாண நகரில், ஒரு பழைய வீட்டில் இருந்தது. இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு அரிசி, பருப்பு, மா கொடுப்பதற்கான பட்டியல்களைத் தயாரிப்பது என் வேலை. பொறுப்பாளர் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். நாங்கள் அவரைச் சேர் என்போம். முற்றத்து ஓரத்தில் ஒரு ஜெனரேற்றர் இருந்தது. சின்னச் சீசாவிலிருந்து நாலு துளி பெற்றோல் விட்டு உதைத்துவிட்டு, பிறகு மண்ணெண்ணெயில் ஓட விடுவோம். காலை பத்து மணிக்குத் தொடங்கினால் பன்னிரண்டுக்கு நிறுத்தவேண்டும். அந்த இரண்டு மணித்தியாலத்துக்குள்தான் கணினி உயிரோடு இருக்கும். மிச்ச நேரத்தில் நான் கடதாசியில் பெயர்களை ஒழுங்குபடுத்தி, அடுத்த நாள் தட்டவேண்டியதை அடுக்கி வைப்பேன். பிரிண்டரின் றிபன் காய்ந்துபோனால் முத்திரை குத்தும் மையைத் தடவி மறுபடியும் சுற்றி வைப்பேன்.

ஜெனரேற்றரை உதைப்பவர், முகாம்களுக்குச் சைக்கிளில் போய்ப் படிவங்களை நிரப்பிக்கொண்டு வருபவர், மூட்டைகளை எண்ணுபவர் எல்லாம் ஒரே ஆள். அவரை நான் அண்ணை என்று கூப்பிடுவேன். நாற்பத்தைந்து வயது இருக்கும். காங்கேசன்துறைப் பக்கத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். தொண்ணூறில் அங்கிருந்து மனைவியோடும் இரண்டு பெண்பிள்ளைகளோடும் எழும்பி, முதலில் ஒரு பாடசாலை முகாமில் சில கிழமைகள் இருந்தார். பிறகு உடுவிலில் மனைவியின் சொந்தக்காரர் வீட்டில் ஓர் அறை கிடைத்தது. என் வீட்டிலிருந்து மூன்று ஒழுங்கை தள்ளி. காலையில் இருவரும் ஒன்றாகச் சைக்கிளில் வருவோம். வழியில் அதிகம் கதைக்கமாட்டோம். ஹெலிகொப்டர் வந்தால் வேலியோரம் இறங்கி நிற்போம், போனபின் ஏறுவோம். அவருடைய மனைவியை அக்கா என்று கூப்பிடுவேன். சில பின்னேரங்களில் அக்கா வாழைப்பூ வறையை மூடிவைத்துக் கொடுத்துவிடுவார்.

தொண்ணூற்று மூன்றில், அப்படித்தான் நினைக்கிறேன், எங்களிடம் இரண்டு பெரிய பட்டியல்கள் சேர்ந்துவிட்டன. ஒன்று முகாம்களில் இருந்தவர்களுடையது. மற்றது சொந்தக்காரர் வீடுகளில் தங்கியிருந்தவர்களுடையது, கிராம அதிகாரிகளான விதானைமார் எழுதித் தந்தது. முகாமில் பதிந்தவர்கள் பிறகு வீடுகளுக்குப் போயிருந்தார்கள். வீடுகளில் பதிந்தவர்கள் ஷெல் விழுந்ததும் முகாமுக்கு வந்திருந்தார்கள். வரும் சாமான் குறைந்துகொண்டே போனது. புதிதாக வருகிறவர்களுக்குக் கொடுக்கப் பங்கீட்டு அட்டை இல்லை.

சேர் ஒரு நாள் என் மேசைக்கு வந்தார்.

"பிள்ளை, ரெண்டு பட்டியலிலையும் இருக்கிற ஆக்களை உந்தக் கொம்பியூட்டர் பிரிச்சுத் தராதோ?"

"பேரை வைச்சுப் பிரிக்க ஏலாது சேர். ஒரே ஆளின்ரை பேரை ரெண்டு விதமா எழுதியிருக்கினம்."

"அடையாள அட்டை நம்பரை வைச்சு?"

அது முடியும். நம்பரை வைத்து இரண்டு கோப்புகளையும் வரிசைப்படுத்தினால், இரண்டிலும் பொதுவாக உள்ள வரிகளைச் சேர்த்துத் தரும் சிறிய கட்டளை ஒன்று யுனிக்சில் இருக்கிறது. 'ஜொயின்' என்று பெயர். கொழும்பில் அதைப் பயன்படுத்தியிருக்கிறேன். தட்டிப் பார்த்தேன். அப்படி ஒரு கட்டளை இல்லை என்று திரை சொன்னது. கொழும்பு ஆள் போடாமல் விட்டுப்போன ஒன்பது டிஸ்க்குகளில் அது இருக்கவேண்டும்.

பெட்டி அலுமாரியின் மேல்தட்டில் இருந்தது. அண்ணைதான் கதிரையில் ஏறி எடுத்துத் தந்தார். தூசியைத் துடைத்து, பெட்டிக்குள் இருந்த தாளை வாசித்தேன். எந்த டிஸ்க்கில் எந்தக் கட்டளை என்று அதில் போட்டிருந்தது. நாட்காட்டி காட்டும் கட்டளை, எழுத்துப்பிழை பார்க்கும் கட்டளை, சதுரங்கம் விளையாடும் கட்டளை. ஜொயின் ஆறாம் இலக்கத்தில்.

அடுத்த நாள் பத்து மணிக்கு ஜெனரேற்றர் ஓடத் தொடங்கியதும், நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கொடுத்து உள்ளே போய், மேலதிகத் தொகுதிகளை நிறுவும் நிரலை ஓட்டினேன். முதலாம் டிஸ்க்கை இடு, இட்டபின் விசையை அழுத்து என்றது. இட்டேன், அழுத்தினேன். உள்ளே கரகரவென்று சத்தம் கேட்டது. ஒவ்வொரு கோப்பின் பெயரும் திரையில் ஏறி மேலே போனது. இரண்டாவது, மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது. அண்ணை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆறாவதைப் போட்டபோது சத்தம் மாறியது. ஒரே இடத்தில் தட்டித் தட்டி நின்றது. வாசிக்கமுடியவில்லை என்று திரையில் ஒரு வரி வந்தது. மறுபடி போட்டேன். அதே வரி.

டிஸ்க்கை வெளியே எடுத்து, அதன் நீள்துளை வழியாக உள்ளே இருந்த தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். மண்ணிறத் தட்டில் சாம்பல் நிறமாக ஒரு படலம்.

"பூஞ்சணம்," என்றார் அண்ணை. "மாரியிலை கூரை ஒழுகினது. அந்த அலுமாரிக்கு மேலைதான்."

டிஸ்பென்சரியில் ஸ்பிரிட் வாங்கிவந்து, பஞ்சால் மெல்லத் துடைத்தேன். வாசிக்கும் தலையையும் துடைத்தேன். மூன்று நாள் முயன்றேன். ஆறாம் இலக்கம் வாசிக்கப்படவேயில்லை. இருக்கிற கட்டளைகளை வைத்து, ஒரு பட்டியலின் ஒவ்வொரு நம்பரையும் மற்றதில் தேடும்படி சிறிய நிரல் ஒன்றை எழுதினேன். அது சரியாகத்தான் ஓடியது. ஆனால் பன்னிரண்டு மணிக்கு ஜெனரேற்றர் நிற்கும்போது பட்டியலின் தொடக்கத்தைக்கூடத் தாண்டியிருக்கவில்லை. துண்டு துண்டாக ஓட்டினால் மாதக்கணக்கில் போகும். அதற்குள் பட்டியலே மாறிவிடும்.

கொழும்பில் இருந்த எங்கள் தலைமைக் கந்தோருக்கு எழுதலாம் என்றார் சேர். அங்கே அதே வகைக் கணினி இருந்தது, அதே பெட்டியும் இருந்தது. ஆறாம் இலக்கத்தைப் பிரதி எடுத்துத் தருவார்கள். ஆனால் தபாலில் வரும் டிஸ்க் சோதனைச் சாவடியில் நின்றுவிடும். ஆள் கையில் கடிதத்தோடு கொண்டுவந்தால்தான் விடுவார்கள். மாதம் ஒருமுறை எங்களில் ஒருவர் அறிக்கைகளை எடுத்துக்கொண்டு கொழும்புக்குப் போவது வழக்கம். கிளாலிக்குப் போய், வள்ளத்தில் கடல்நீரேரியைக் கடந்து, வன்னிக்குள்ளால் வவுனியா, அங்கிருந்து ரெயில். அந்த மாதம் என்னுடைய முறை.

அதுவரை என் முறை வரும்போதெல்லாம் ஏதாவது காரணம் சொல்லித் தள்ளிக்கொண்டு வந்திருந்தேன். அந்தத் தடவை காரணம் ஒன்றும் கைவசம் இருக்கவில்லை.

"நான் போகேல்லை சேர்," என்றேன்.

"ஏன் பிள்ளை? சுகமில்லையோ?"

"சுகமாத்தான் இருக்கிறன். கொழும்புக்கு நான் போகமாட்டன்."

சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அண்ணை வாசலில் சாக்கு மடித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்:

"நான் போறன் சேர். பிள்ளை நம்பரை எழுதித் தரட்டும். எனக்கு டிஸ்க்கெல்லாம் ஒண்டுபோலத்தான் தெரியும்."

ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தேன். இலக்கம் ஆறு, மேலதிகக் கட்டளைகள், ஐந்தேகால் அங்குலம். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த நாள் காலை அவர் இல்லாமல் தனியே சைக்கிளில் வந்தேன்.

பன்னிரண்டு நாட்களுக்குப் பிறகு ஒரு முற்பகல் கந்தோருக்கு ஒரு வயதானவர் வந்தார். சாவகச்சேரியில் தபாலதிபராக இருந்து ஓய்வுபெற்றவர் என்று தன்னை அறிமுகப்படுத்தினார். கையில் அண்ணையின் நீலப் பை. உள்ளே எங்கள் முகவரி எழுதிய கடித உறை இருந்ததால் தேடிவந்ததாகச் சொன்னார். சேர் அவருக்குக் கதிரை போட்டார். தேத்தண்ணியும் பனங்கட்டியும் கொண்டுவந்து வைத்தேன். அவர் தொடவில்லை.

"முந்தநாள் இரவு ஒண்டாத்தான் வந்தனாங்கள்," என்றார். "நாலு வள்ளத்தைக் கயித்தாலை தொடுத்து, முன்னுக்கு ஒரு மிசின் போட் இழுத்தது. எங்கடை வள்ளத்திலை ஆக்கள் கூடிப்போச்சுது எண்டு ஓட்டி ஒராளைக் கடைசி வள்ளத்துக்கு மாறச் சொன்னான். ஒருத்தரும் எழும்பேல்லை. இவர்தான் எழும்பினவர். 'ஐயா, இந்தப் பை நனையப்படாது, மடியிலை வைச்சிருங்கோ, அக்கரையிலை வந்து வாங்கிறன்' எண்டு என்னட்டைத் தந்திட்டுப் போனார்."

அவர் நீலப் பையை மேசையில் வைத்தார்.

"பிறகு?" என்றார் சேர்.

"நடுவிலை காத்து எழும்பிச்சுது. கயிறு அறுந்துபோச்சு. கடைசி வள்ளம் பிரண்டிட்டுது. கொஞ்சப் பேரைத் தூக்கினவங்கள். இவரைக் காணேல்லை."

"நேவியின்ரை சூடு ஏதும் விழுந்ததோ?"

"இல்லை ஐயா. ஒரு சூடும் இல்லை. வெறும் காத்து."

வந்தவர் போன பிறகு நான் பையைத் திறந்தேன். இரண்டு சவர்க்காரக் கட்டி, பிள்ளைகளுக்கு நாலு கொப்பி, மடித்த சாரம் ஒன்று, சொப்பிங் பைகள் மூன்றில் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுற்றிய கடித உறை. உறைக்குள் டிஸ்க். ஒரு துளி ஈரம்கூட இல்லை. மணி பத்தே முக்கால். ஜெனரேற்றர் ஓடிக்கொண்டிருந்தது. நான் கணினிக்கு முன்னால் போய் இருந்து, விட்ட இடத்திலிருந்து பெயர்களைத் தட்டினேன். பன்னிரண்டு மணி வரை தட்டினேன். அன்றைக்குத் தட்டியதில் ஒரு பிழையும் இருக்கவில்லை. இதை இப்போது எழுதும்போது எனக்கே ஒருமாதிரி இருக்கிறது. ஆனால் அப்படித்தான் நடந்தது.

மறுநாள் உடல் கரையொதுங்கியது. உழவு இயந்திரத்தில் கொண்டுவந்தார்கள். நான் போனேன், மற்றப் பெண்களோடு வரிசையில் நின்று வாய்க்கரிசி போட்டேன். அக்காவைப் பிடித்துக்கொண்டு சுற்றி இருந்தவர்கள் ஒப்பாரி வைத்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. என்னைப் பார்த்து யாராவது ஏதாவது நினைப்பார்களோ என்ற எண்ணம்தான் இருந்தது. பெண்பிள்ளைகள் இரண்டு பேரும் பாடசாலைச் சீருடையில் நின்றது நினைவிருக்கிறது. ஏன் சீருடை என்று தெரியவில்லை. வேறு நல்ல உடுப்பு இல்லாமல் இருந்திருக்கலாம்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை ஆறாம் இலக்க டிஸ்க்கை நான் கணினியில் போடவில்லை. சேரும் கேட்கவில்லை. அது என் மேசை லாச்சியில் இருந்தது.

அந்தியேட்டி முடிந்த பிறகு அக்கா கந்தோருக்கு வந்தார். வெள்ளைச் சேலை. நெற்றியில் ஒன்றும் இல்லை. நான் எழும்பி என் கதிரையைக் கொடுத்தேன். அவர் அதில் இருந்து, கணினியைச் சற்று நேரம் பார்த்தார். அதற்கு முன் அவர் அதைப் பார்த்ததில்லை.

"என்னத்தைக் கொண்டுவரப் போனவர்?" என்று கேட்டார். "டிஸ்க் எண்டு சொன்னவர். எனக்கு விளங்கேல்லை."

லாச்சியைத் திறந்து எடுத்து அவர் கையில் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கினார். திருப்பிப் பார்த்தார். கடதாசி மாதிரி அது சற்று வளைந்தது.

"உதே?"

"ஓம் அக்கா."

"உதுக்குள்ளை என்ன இருக்கு?"

"சின்னச் சின்னக் கட்டளையள். ரெண்டு பட்டியலைப் பக்கத்திலை வைச்சு ஒப்பிட்டுப் பாக்கிறது, அந்தமாதிரி."

"உது இல்லாட்டில் கொம்பியூட்டர் ஓடாதோ?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் எனக்கு அது தோன்றவில்லை.

"ஓடும்," என்றேன். "இருந்தால் நல்லம். இல்லாட்டிலும் ஓடும்."

அக்கா தலையை ஆட்டினார். டிஸ்க்கை மேசையில், விளிம்பிலிருந்து தள்ளி, கவனமாக வைத்தார்.

"உங்கடை முறை எண்டு சொன்னவர்."

"ஓம் அக்கா. நான்தான் போக இருந்தது."

"காய்ச்சலோ?"

"இல்லை. போக மனமில்லாமல் விட்டனான்."

அவர் என்னைப் பார்த்தார். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசினால் நல்லது என்றும் நினைத்தேன். அவர் சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு எழும்பினார்.

"மூத்தவள் பள்ளிக்கூடத்தாலை வந்திடுவாள். நான் வாறன்," என்றார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு, அண்ணையின் சைக்கிளை உருட்டியபடி போனார். அவருக்கு அதில் ஏறி ஓடத் தெரியாது. உடுவிலிலிருந்து உருட்டிக்கொண்டே வந்திருக்கிறார், உருட்டிக்கொண்டே போனார்.

அடுத்த நாள் பத்து மணிக்கு ஜெனரேற்றரை நானே உதைத்தேன். அதைப் பழக எனக்குச் சில நாட்கள் பிடித்திருந்தன. நிறுவும் நிரலை ஓட்டி, ஆறாம் டிஸ்க்கைப் போட்டேன். கரகரவென்று வாசித்தது. கோப்புகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக ஏறின. எட்டாவது வரியில் ஜொயின். பிறகு ஏழு, எட்டு, ஒன்பது. தொகுதி முழுதாக நிறுவப்பட்டது என்று ஒரு வரி. எல்லாமாகக் கால் மணித்தியாலம்கூட எடுக்கவில்லை.

இரண்டு கோப்புகளையும் அடையாள அட்டை நம்பர் வாரியாக வரிசைப்படுத்தினேன். ஜொயின் என்று தட்டி, இரண்டு கோப்பின் பெயரையும் கொடுத்தேன். நான் எழுதிய நிரல் மாதக்கணக்கில் எடுத்திருக்கும் வேலை அது. தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தேன். முடிந்திருந்தது. இரண்டு பட்டியலிலும் இருந்தவர்கள் வேறொரு கோப்பில் வரிவரியாக நின்றார்கள். நம்பர், பெயர், முகாம், ஊர்.

அதை மேலிருந்து கீழாக வாசித்துக்கொண்டு வந்தேன். பாதி வழியில் அண்ணையின் பெயர் இருந்தது. பாடசாலை முகாமில் ஒரு பதிவு, உடுவிலில் ஒரு பதிவு. நாலு பேர், நாலு பேர்.

முகாமில் பதிந்த அட்டையை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை. எத்தனையோ பேர் கொடுக்கவில்லை. படிவங்களை நிரப்பிக் கொண்டுவந்தவரே அவர்தான். கட்டளை ஓடினால் தன் பெயர் வரும் என்று அவருக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். எல்லாம் தெரிந்துதான் போனாரா, போகும்போது அதை நினைத்தாரா, திரும்பி வந்ததும் அட்டையைக் கொடுத்துவிடலாம் என்றிருந்தாரா. இவற்றையெல்லாம் பிறகுதான் யோசித்தேன். அப்போது யோசிக்கவில்லை. மணி பதினொன்று ஐம்பது. எழுதுகிற நிரலைத் திறந்து, அந்த வரிக்குப் போய், 'டி' எழுத்தை இரண்டு தரம் தட்டினேன். வரி போனது. கீழே இருந்த வரிகள் மேலே ஏறி இடத்தை நிரப்பிக்கொண்டன. சேமித்தேன். பிரிண்டரில் எடுத்துச் சேரின் மேசையில் வைத்தேன்.

அந்தப் பட்டியல் விதானைமாருக்குப் போனது. அடுத்த பங்கீட்டில் அதில் இருந்தவர்களின் இரட்டை அட்டைகள் வெட்டப்பட்டன, அக்கா வீட்டு அட்டைகள் இரண்டும் மிஞ்சின. புதிதாக வந்த குடும்பங்களுக்கு அட்டை கிடைத்தது. அது நல்ல காரியம்தான். சேர் கொழும்புக்கு எழுதிய அறிக்கையில் அதைக் குறிப்பிட்டார்.

வெட்டுப்பட்டவர்கள் கந்தோர் வாசலுக்கு வந்தார்கள். முதல் கிழமை நிறையப் பேர். அதில் ஒருத்தி தீவுப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்தவள். என் வயதுதான் இருக்கும். இடுப்பில் ஒரு குழந்தை.

"ரெண்டு அட்டையும் எங்கடைதான் அக்கா, நான் இல்லையெண்டு சொல்லேல்லை," என்றாள். "ஆனா அவர் இல்லை. மாமியின்ரை ஆக்களையும் நான்தான் பாக்கிறன். ஒரு அட்டையிலை எப்பிடி அக்கா?"

"சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதான்," என்றேன்.

"உங்கடை கையிலைதானே இருக்கு."

"கொம்பியூட்டர் பிரிச்சது. என்ரை கையிலை ஒண்டும் இல்லை."

அவள் குழந்தையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டு போனாள். அவளுடைய வரி நான் அழித்த வரிக்குச் சற்றுக் கீழே இருந்தது. அதை நான் அழிக்கவில்லை. அவளை எனக்குத் தெரியாது. காரணம் அவ்வளவுதான். அவளுடைய முகம் இப்போதும் தெளிவாக நினைவிருக்கிறது. அண்ணையின் முகத்தைத்தான் யோசித்து யோசித்து எடுக்கவேண்டியிருக்கிறது.

சில மாதங்களின் பின் சேர் ஒரு நாள் முகாம் பதிவேட்டைக் கையால் சரிபார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டார். விரலால் அண்ணையின் வரியைக் காட்டினார்.

"இது எப்பிடித் தப்பினது பிள்ளை? நம்பர் ஒண்டுதானே."

"தப்பேல்லை சேர். நான் விட்டனான்."

அவர் பதிவேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நாற்பது வருடம் பிள்ளைகளின் கள்ளத்தனங்களைப் பிடித்து அடித்த மனிதர்.

"நல்லது," என்றார் கடைசியில். அது சரி என்பதா, பிழை என்பதா, போகலாம் என்பதா தெரியவில்லை. பதிவேட்டின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். நான் என் மேசைக்குப் போனேன். அதைப் பற்றி நாங்கள் மறுபடி கதைக்கவில்லை.

கணினி தொண்ணூற்று ஐந்து வரை ஓடியது. ஐப்பசி முடிவில் இராணுவம் நெருங்கி வர, வலிகாமம் முழுவதும் ஒரே நாளில் ஊரைவிட்டு எழும்பியபோது, அதைத் தூக்கிக்கொண்டு போக வாகனம் இருக்கவில்லை. மேலே ஒரு பழைய படங்கைப் போட்டு மூடி, கதவைப் பூட்டிவிட்டு வந்தோம். மழை பெய்துகொண்டிருந்தது. செம்மணி வெளியைத் தாண்ட எனக்கும் அப்பாவுக்கும் பதினாறு மணித்தியாலம் எடுத்தது. அப்பா ஒரு இடத்தில் சேற்றில் இருந்துவிட்டு, எழும்பமாட்டேன் என்றார். நான் பக்கத்தில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவராகவே எழும்பினார்.

தென்மராட்சியில் ஒரு பாடசாலையில் கந்தோரை மறுபடி தொடங்கினோம். ஒரு மேசை, ஒரு கட்டுக் கொப்பி, இரண்டு பேனை. பட்டியலைக் கையால் எழுதவேண்டும். வேப்பமரத்தின் கீழே இருந்து காலை தொடக்கம் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தேன். வரிசை மதிலைத் தாண்டி ஒழுங்கைவரை போனது. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, தலையைத் தூக்காமல் வழமைபோலக் கேட்டேன்:

"எத்தினை பேர்?"

"மூண்டு பேர்."

குரலைக் கேட்டதும் நிமிர்ந்தேன். அக்கா. இரண்டு பெண்பிள்ளைகளும் பின்னால் நின்றார்கள். மூத்தவள் தாயைவிட உயர்ந்திருந்தாள்.

"அக்கா, எங்கை இருக்கிறியள்?"

"கோயில் மண்டபத்திலை. நீங்கள்?"

"இஞ்சைதான். வகுப்பறை ஒண்டிலை. அப்பாவும் வந்திட்டார்."

"கேத்தில் ஒண்டு மேலதிகமா இருக்கோ உங்களிட்டை? நாங்கள் எடுக்க மறந்து வந்திட்டம்."

"இல்லை அக்கா. சட்டி ஒண்டு இருக்கு, தரலாம்."

"சட்டி எங்களிட்டை இருக்கு."

பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். நான் கொப்பிக்குத் திரும்பினேன். முதல் கட்டத்தில் குடும்பத் தலைவரின் பெயரை எழுதவேண்டும். எங்கள் பழைய பட்டியல்களில் அந்த இடத்தில் கடைசிவரை அண்ணையின் பெயர்தான் இருந்தது. மாற்றச் சொல்லி எவரும் வரவில்லை, நானும் மாற்றவில்லை.

"குடும்பத் தலைவர்?" என்று கேட்டேன்.

அக்கா தன் பெயரைச் சொன்னார். ஐந்து வருடம் மூன்று ஒழுங்கை தள்ளி இருந்தும் அந்தப் பெயரை நான் அன்றைக்குத்தான் அவர் வாயால் கேட்டேன். எழுத்துக் கூட்டிச் சொல்லும்படி கேட்டு எழுதினேன். அவர் குனிந்து பார்த்து, சரி என்றார். அட்டையைக் கொடுத்தேன். மூன்று பேரும் மண்டபத்துப் பக்கமாக நடந்தார்கள். நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.